பறந்தது 12 செகண்ட், சண்டை 45 வருஷம்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் விமானம் பிறந்த கதை இரண்டே வரி. ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். உலகம் வியந்தது. முதல் வரி சரி. இரண்டாவது வரிதான் உதைக்கிறது. உலகமாவது வியப்பதாவது! உள்ளூர்ப் பத்திரிகை கொட்டாவி விட்டது. அமெரிக்க ராணுவம் கடிதத்தைச் சரியாகப் படிக்காமலே பதில் போட்டது. பாரிஸில் புளுகர்களோ என்று சந்தேகப்பட்டார்கள். வாஷிங்டனில் இருந்த ஒரு பெரிய மியூசியம், 'பறக்கக்கூடிய முதல் விமானம் எங்களிடம்தான் இருக்கிறது' என்று போர்டே எழுதி வைத்தது. அந்த விமானம் பறந்ததில்லை என்ற ஒரு சின்னக் குறையைத் தவிர, போர்டில் வேறு தப்பு கிடையாது.

அந்தப் பறக்காத விமானத்திலிருந்தே ஆரம்பிப்போம். அதன் சொந்தக்காரர் ரொம்பப் பெரிய மனிதர்.

பெயர் சாமுவேல் பியர்பாண்ட் லாங்லி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர். செயலாளர் என்றதும் கூட்டுறவு சங்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க விஞ்ஞானத்துக்கு ஒரு சிம்மாசனம் இருந்ததென்றால், அது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிதான். வானியல் நிபுணர், சூரிய வெப்பத்தை நுணுக்கமாக அளக்கும் பொலோமீட்டரைக் கண்டுபிடித்தவர். காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. அதைப் போய் யார் அவரிடம் கேட்பது?

1896 மே 6. ஆள் ஏறாத, நீராவி எஞ்சின் வைத்த ஒரு மாடல் விமானத்தை லாங்லி பொட்டோமாக் ஆற்றின் மேல் ஏவினார். அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பறந்து, எஞ்சின் ஓய்ந்ததும் சாதுவாகத் தண்ணீரில் இறங்கியது. டெலிபோன் புகழ் கிரகாம் பெல் கேமராவும் கையுமாக நின்று படம் எடுத்தார். உண்மையிலேயே பெரிய சாதனை. 'என் பங்கு முடிந்தது, மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்று லாங்லியும் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டார். ஓய்வு அறிவித்த கிரிக்கெட் வீரர்கள் எத்தனை நாள் சும்மா இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா?

இரண்டே வருஷத்தில் ஸ்பெயினோடு யுத்தம் வந்தது. பறக்கும் யந்திரம் இருந்தால் எதிரியை மேலேயிருந்து வேவு பார்க்கலாமே என்று ராணுவத்துக்கு ஆசை. 50,000 டாலரை எடுத்து நீட்டியது. ஸ்மித்சோனியன் தன் பங்குக்கு இன்னொரு 20,000 போட்டது. யுத்தம் சில மாதங்களில் முடிந்துவிட்டது. விமானம்தான் முடியவில்லை. ஐந்து வருஷம் இழுத்தது. அரசாங்க ப்ராஜெக்ட் என்ற கலாசாரத்துக்கும் அமெரிக்காதான் முன்னோடி என்று இனி நாம் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

லாங்லியின் கணக்கு எளிமையானது. பொம்மை பறந்தது. அதையே நாலு மடங்கு பெரிதாக்கினால் மனிதன் பறப்பான். அவ்வளவுதானே? எஞ்சினை அவருடைய உதவியாளர் சார்ல்ஸ் மேன்லி தேற்றி எடுத்தார். ஐந்து சிலிண்டர், 52 குதிரைசக்தி. அந்தக் காலத்துக்கு அது ஓர் அற்புதம். மற்றதெல்லாம் ஆண்டவன் விட்ட வழி. ஆற்றில் ஒரு படகு வீடு. அதன் கூரைமேல் ஸ்பிரிங் வைத்த கவண். கவணில் விமானம். சக்கரம் கிடையாது. இறங்குவது எப்படி என்றால், தண்ணீரில்தான். பைலட் யார் என்றால், அதே மேன்லி. பறந்து பழக்கம் உண்டா என்றால், கிளைடரில்கூட ஏறியதில்லை. ஆனால் நல்லவேளையாக, தக்கை வைத்துத் தைத்த கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டார். திட்டத்தின் முடிவு எப்படியிருக்கும் என்று சரியாகக் கணித்த ஒரே பொருள் அந்தக் கோட்டுதான்.

1903 அக்டோபர் 7. கோடை முழுக்க ஆற்றங்கரையில் கொசுக்கடி வாங்கிக் காத்துக்கிடந்த நிருபர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கவண் இழுத்து விட்டது. விமானம் கூரையைத் தாண்டியது. அடுத்து நடந்ததை வாஷிங்டன் போஸ்ட் நிருபர், ஒரு கைப்பிடி சாந்துக் கலவை தண்ணீரில் சரிவது போலிருந்தது என்று வர்ணித்தார். இத்தனை நாள் கொசுக்கடிக்கு அவர் வட்டியோடு வசூல் செய்துவிட்டார்.

விமானத்தில் கோளாறு ஒன்றுமில்லை, கவணில் சிக்கிக்கொண்டது என்றார் லாங்லி. சரி, டிசம்பர் 8-ல் இரண்டாவது முயற்சி. இந்த முறை விமானம் கூரையைத் தாண்டியதுமே பின் இறக்கைகள் முறிய, மூக்கை வானத்தை நோக்கித் தூக்கி, மல்லாந்து ஆற்றில் விழுந்தது. பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர். கோட்டைக் கிழித்துக்கொண்டு, பனிக்கட்டிக்கு அடியில் நீந்தி, மேன்லி எப்படியோ வெளியே வந்தார். படகில் ஏற்றிப் போர்த்தி, விஸ்கி கொடுத்து ஆசுவாசப்படுத்தினார்கள். வாயைத் திறந்தவர், சுற்றி நின்ற பெரிய மனிதர்களின் முன்னிலையில் அமெரிக்காவிலுள்ள கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாக அவிழ்த்துவிட்டாராம். அன்றைக்கு அந்த ஆற்றங்கரையில் தங்குதடையின்றிப் பறந்தவை அவைதான்.

நாடாளுமன்றத்தில் சிரிப்பு தாங்கவில்லை. லாங்லி பறக்கவிட்டது அரசாங்கப் பணத்தை மட்டும்தான் என்று நெப்ராஸ்கா உறுப்பினர் ஒருவர் கேலி செய்தார். நியூயார்க் டைம்ஸ் இன்னும் ஒரு படி மேலே. முதல் தோல்வி நடந்த இரண்டாம் நாளே ஒரு தலையங்கம் எழுதி, கணித நிபுணர்களும் மெக்கானிக்குகளும் விடாமல் உழைத்தால் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வருஷத்துக்குள் மனிதன் பறக்கும் யந்திரம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்தத் தலையங்கத்தின் தேதி அக்டோபர் 9. அதே அக்டோபர் 9-ந் தேதி டைரியில் ஒருவர் எழுதிய குறிப்பு: இன்று பாகங்களைப் பூட்ட ஆரம்பித்தோம். எழுதியவர் ஆர்வில் ரைட். டைம்ஸ் கணக்கு ஏறக்குறைய சரிதான். வருஷத்தில்தான் சில லட்சம் கூடிவிட்டது.

ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊர். அங்கே சைக்கிள் கடை. நடத்தியவர்கள் வில்பர், ஆர்வில் என்ற அண்ணன் தம்பி. பிஷப் மில்டன் ரைட்டின் பிள்ளைகள். இரண்டு பேரும் ஹைஸ்கூல் சர்டிபிகேட் வாங்கவில்லை. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் காலேஜ் முடித்தவர் தங்கை கேத்தரின் மட்டும்தான். மணல்மேட்டில் கிளைடர் ஓட்டும்போதுகூட அண்ணன் தம்பி இருவரும் கஞ்சி போட்ட காலர், டை, கோட்டு என்று கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிறவர்கள் மாதிரிதான் நின்றார்கள்.

1899-ல் வில்பர் ஒரு கடிதம் எழுதினார். பறப்பதைப் பற்றி என்னென்ன புத்தகம் இருக்கிறது, அனுப்ப முடியுமா, நான் ஆர்வக்காரன்தான், கிறுக்கன் அல்ல என்று முன்ஜாக்கிரதையாகச் சொல்லிக்கொண்ட கடிதம். யாருக்கு? ஸ்மித்சோனியனுக்கு! அவர்களும் பட்டியல், பிரசுரங்கள் எல்லாம் பார்சல் கட்டி அனுப்பினார்கள். லாங்லி எழுதியதும் அதில் இருந்தது. தன் தலையில் ஏறப்போகும் ஆசாமிக்குத் தன் ஆபீஸிலிருந்தே ஏணி அனுப்பிவைத்த முதல் விஞ்ஞானி லாங்லியாகத்தான் இருக்க வேண்டும்.

சகோதரர்களின் ரகசியம் என்ன? பெரிய மூளை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், அவர்கள் பயந்தவர்கள். எஞ்சினைப் பூட்டுவதற்கு முன்னால் எஞ்சின் இல்லாமலே ஓட்டிப் பழகலாம் என்று நினைத்தார்கள். சைக்கிள் கடைக்காரருக்கு ஒன்று தெரியும்: ஓட்டத் தெரியாதவனை எவ்வளவு நல்ல சைக்கிளில் ஏற்றினாலும் விழுவான். இறக்கையை முறுக்கி இந்தப் பக்கம் சாய்ப்பது, அந்தப் பக்கம் நிமிர்த்துவது, சுக்கானைச் சேர்த்துத் திருப்புவது என்று மூன்று வருஷம் மணலில் விழுந்து எழுந்து கற்றார்கள். லாங்லி 70,000 டாலரில் இதை மட்டும்தான் வாங்கவில்லை. இவர்களுக்கு ஆன மொத்தச் செலவு 1,000 டாலருக்கும் குறைவு.

நடுவில் நம்பிக்கை இழந்ததும் உண்டு. 1901-ல் கொசுவும் தோல்வியும் சேர்ந்து விரட்ட, இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மனிதன் பறக்கமாட்டான் என்று தம்பியிடம் சொன்னதாக வில்பரே பின்னால் ஒப்புக்கொண்டார். டைம்ஸைவிட இவர் எவ்வளவோ தேவலாம்.

அப்புறம் அவர்கள் சண்டை. புரொபெல்லரை எப்படிச் செதுக்குவது என்பதற்குப் புத்தகம் எதிலும் விடை இல்லை. அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கில் கத்துவார்களாம். கத்திக் கத்தி முடிவில் பார்த்தால், அண்ணன் தம்பி சொன்னதையும், தம்பி அண்ணன் சொன்னதையும் ஆதரித்து அதே வேகத்தில் வாதாடிக்கொண்டிருப்பார்களாம். டி.வி. விவாதங்களில் இது ஒரு தடவையாவது நடந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

1903 டிசம்பர். வட கரோலினாவில் கிட்டி ஹாக் பக்கத்தில் கில் டெவில் மணல்மேடு. 13-ந் தேதி அருமையான வானிலை. பறக்கவில்லை. ஏன்? ஞாயிற்றுக்கிழமை, அப்பா பிஷப். 14-ந் தேதி காசைச் சுண்டிப் போட்டார்கள். வில்பர் ஜெயித்தார். ஏறினார். அவசரத்தில் மூக்கை ரொம்பத் தூக்கிவிட்டார். மூன்றரை செகண்டில் மணலில் பொத். சரித்திரத்தில் இடம் பிடிக்க வில்பருக்குக் கிடைத்த முதல் சான்ஸ் அவ்வளவுதான். ரிப்பேர் முடிந்து 17-ந் தேதி தம்பியின் முறை வந்தது. 12 செகண்ட், 120 அடி. அண்ணன் சும்மா இருப்பாரா? அன்றைக்கே நாலாவது தடவையாக ஏறி 59 செகண்ட், 852 அடி போனார். ஆனால் சரித்திரம் டாஸில் ஜெயித்தவரை விட்டுவிட்டுத் தோற்றவரின் பெயரைத்தான் முதலில் எழுதிவைத்திருக்கிறது.

அந்தப் புகழ்பெற்ற போட்டோவை எடுத்தவர் ஜான் டேனியல்ஸ். பக்கத்துக் கடலோர மீட்பு நிலையத்து ஊழியர். கேமராவை அதற்கு முன் அவர் தொட்டதில்லை. ஆர்வில் எல்லாம் ரெடி பண்ணி வைத்துவிட்டு, விமானம் மேலே கிளம்பினால் இந்த ரப்பரை அமுக்கு என்று சொல்லியிருந்தார். விமானம் கிளம்பியதைப் பார்த்து வாயைப் பிளந்த டேனியல்ஸுக்கு, அமுக்கினோமா இல்லையா என்று பிறகு நினைவில்லை. டேட்டனில் போய்க் கழுவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய போட்டோக்களில் ஒன்றை அவர் எடுத்திருக்கிறார் என்று. நாம் ஒரு செல்ஃபிக்கு நாற்பது தடவை அமுக்குகிறோம்.

அதே டேனியல்ஸுக்கு இன்னொரு பெருமையும் காத்திருந்தது. நாலாவது பறத்தல் முடிந்து எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பலத்த காற்று விமானத்தைப் புரட்டியது. பிடித்து நிறுத்தப் போன டேனியல்ஸ் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டு விமானத்தோடு சேர்ந்து உருண்டார். விமானம் நொறுங்கியது. அது பிறகு பறக்கவே இல்லை. உலகத்தின் முதல் விமானம் வேலை பார்த்தது ஒரே ஒரு நாள். அதுவும் அரை நாள்.

வீட்டுக்குத் தந்தி அடித்தார்கள். நாலு முறை பறந்தோம், பத்திரிகைகளுக்குச் சொல்லுங்கள், கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவோம். வழியில் தந்தி ஆபீஸ் தன் கைவரிசையைக் காட்டி 59-ஐ 57 ஆக்கியது. ஆர்விலின் பெயரையும் கொலை செய்தது. உள்ளூரில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஃபிராங்க் டூனிசனிடம் விஷயம் போனது. 57 செகண்டா? 57 நிமிஷம் என்றால் செய்தியாகப் போட்டிருக்கலாம் என்றார் மனிதர். பிரேக்கிங் நியூஸ் தேவனே, அவரை மன்னித்துவிடும்!

நார்ஃபோக் ஊர்ப் பத்திரிகையோ எதிர்த்திசை. எங்கேயோ காற்றுவாக்கில் கேட்டதை வைத்து, விமானம் மூன்று மைல் பறந்ததாக முதல் பக்கத்தில் அடித்து விட்டது. மூன்று மைல் பொய்யை ஒருவர் போட்டார். 852 அடி நிஜத்தைப் போட ஆள் இல்லை. டேட்டன் டெய்லி நியூஸ் மட்டும், நம்ம ஊர்ப் பையன்கள் மகத்தான சான்டோஸ்-டுமோனைப் பின்பற்றுகிறார்கள் என்று தட்டிக்கொடுத்தது. அந்தச் சான்டோஸ்-டுமோன் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது வாயு அடைத்த பலூன்.

சகோதரர்கள் ஊருக்கு வெளியே ஹஃப்மன் என்பவரின் மேய்ச்சல் நிலத்தை ஓசியில் வாங்கினார்கள். ஒரே நிபந்தனை, பறப்பதற்கு முன்னால் மாடு குதிரைகளை ஓரமாக ஓட்டிவிட வேண்டும். 1904 மே மாதம் நிருபர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். காற்று இல்லை, எஞ்சின் மக்கர். விமானம் தண்டவாளப் பலகையின் முனைவரை ஓடி நின்றது. மறுபடி கூப்பிட்டபோது ஒரு துள்ளல். நிருபர்கள் கோட்டைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அப்புறம் பக்கத்தில் டிராம் வண்டி போய்வந்துகொண்டிருந்த அந்தத் திறந்த வெளியில் இரண்டு வருஷம் பறந்தார்கள். கடைசியில் 1905 அக்டோபரில் 39 நிமிஷம், 24 மைல். பத்திரிகைகள் பெரும்பாலும் எட்டிப்பார்க்கவில்லை. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று பல வருஷம் கழித்துக் கேட்டபோது, அந்த டேட்டன் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்த டான் கும்லர், வேறொன்றுமில்லை, நாங்கள் மடையர்களாக இருந்தோம் என்றார். பத்திரிகை உலக வரலாற்றில் இவ்வளவு சுத்தமான திருத்தச் செய்தியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஒரே ஒரு மனிதர் மட்டும் வந்து பார்த்து, நம்பி, கண்ணால் கண்டதை அப்படியே எழுதினார். அமோஸ் ரூட் என்ற தேனீ வளர்ப்பாளர். 1904 செப்டம்பரில் விமானம் முதல்முறையாக முழு வட்டம் போட்டதை நேரில் பார்த்தவர். 1905 ஜனவரியில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. எதில்? அவர் நடத்திய தேனீ வளர்ப்புப் பத்திரிகையில்! மனிதகுலம் பறக்கக் கற்றுக்கொண்ட செய்தி முதலில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது தேன்கூடு வைத்திருந்தவர்களுக்குத்தான்.

சயின்டிஃபிக் அமெரிக்கன் என்ன செய்தது என்கிறீர்களா? 1906-ல் சந்தேகம் கிளப்பியது. இப்படி ஒரு அதிசயம் நிஜமாக நடந்திருந்தால், புகைபோக்கி வழியாக இறங்கியாவது செய்தி எடுக்கும் நம் நிருபர்கள் விட்டிருப்பார்களா என்று கேட்டது. அபாரமான தர்க்கம். நிருபர்கள் எழுதாததால் நடக்கவில்லை. நடக்காததால் நிருபர்கள் எழுதவில்லை.

ராணுவத்தின் கதை இதைவிட ஜோர். எங்களிடம் பறக்கும் யந்திரம் தயார், வாங்கிக்கொள்கிறீர்களா என்று சகோதரர்கள் 1905-ல் எழுதினார்கள். ஆராய்ச்சிக்கெல்லாம் பணம் தர முடியாது, யந்திரம் வேலை செய்யும் நிலைக்கு வந்த பிறகு வாருங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் ஆராய்ச்சிக்குப் பணமே கேட்கவில்லை. மறுபடி எழுதினார்கள். மறுபடி அதே பதில். லாங்லியிடம் சூடு கண்ட பூனை, ரைட் வைத்த பாலையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இங்கே சகோதரர்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயத்தில், 1905 அக்டோபருக்குப் பிறகு இரண்டரை வருஷம் பறக்கவே இல்லை. பார்க்காமலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் பறந்து காட்டுகிறோம் என்பது அவர்கள் கட்சி. பறந்து காட்டுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறோம் என்பது அரசாங்கங்களின் கட்சி. உலகத்திலேயே பறக்கத் தெரிந்த இரண்டே பேர், தரையில் நின்றபடி லெட்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடைவெளியில்தான் பாரிஸில் சான்டோஸ்-டுமோன் நுழைகிறார். பிரேசில் காப்பித் தோட்டத்துப் பணக்காரர், குள்ள உருவம், உடையில் சொக்கவைக்கும் மிடுக்கு. வீட்டில் சாப்பாட்டு மேஜையை ஆள் உயரத்துக்கு மேல் வைத்து, ஏணி போட்டு ஏறி விருந்து சாப்பிடுவார். வானத்தில் இருக்கிற மாதிரியே இருக்குமாம்! சின்னப் பலூன் கப்பலில் கிளம்பி, ஷான்ஸ் எலிஸே வீதியில் தன் வீட்டு வாசலில் இறக்கி நிறுத்திவிட்டு உள்ளே போய்க் காப்பி குடிப்பார். நோ பார்க்கிங் போர்டு வராத பொற்காலம். 1906-ல் 14-பிஸ் என்ற விமானம் செய்தார். கம்பியில் தொங்கவிட்டு ஒரு கழுதையைக் கட்டி இழுத்துப் பழகிவிட்டு, நவம்பர் 12-ல் 220 மீட்டர் பறந்தார். ஊரே கூடி நின்று பார்த்தது. ஐரோப்பா, இதோ உலகின் முதல் விமானி என்று தலையில் வைத்து ஆடியது. ரைட்டுகள் கவணும் காற்றும் வைத்து ஏமாற்றினார்கள், எங்கள் ஆள்தான் சக்கரத்தில் ஓடித் தானாக எழும்பினார் என்று பிரேசில்காரர்கள் இன்றும் மல்லுக்கு நிற்பார்கள். 1903-ல் கவண் கிடையாது, தண்டவாளப் பலகை மட்டும்தான் என்று எடுத்துச் சொல்லிப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் ஸ்டேடியத்துக்கு மேலே பறக்கவிட்டது எந்த விமானம் என்று நினைக்கிறீர்கள்? 14-பிஸ்தான்.

பிரேசிலை மட்டும் சொல்வானேன். பிரான்ஸுக்கு கிளெமான் அடேர் உண்டு. 1890-ல் வௌவால் மாதிரி ஒரு நீராவி யந்திரத்தில் 50 மீட்டர் போனவர், உயரம் தரைக்கு ஒரு சாண். கனெக்டிகட் மாநிலம் 2013-ல், முதலில் பறந்தவர் எங்கள் ஊர் குஸ்தாவ் வைட்ஹெட் என்று சட்டமே போட்டுவிட்டது. பறக்கும் போட்டோ ஒன்றுகூட இல்லை, ஆனால் சட்டம் இருக்கிறது. நாமும் சளைத்தவர்களா? நம் பழங்கால விமானங்களைச் சொல்லும் வைமானிக சாஸ்திரம் இருக்கிறதே என்று ஃபார்வர்டு செய்யக் கிளம்பியிருப்பவர்கள் ஒரு நிமிஷம்: 1974-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அதை உட்கார்ந்து ஆராய்ந்து, இந்த விமானங்கள் எழும்பாது என்று எழுதிவிட்டார்கள். அதற்குச் சட்டம் போடுவது ஒன்றுதான் பாக்கி.

1908 ஆகஸ்ட் 8. பிரான்ஸில் லெ மான் பக்கத்தில் ஒரு குதிரைப் பந்தய மைதானம். வில்பர் வந்திருந்தார். அதே கஞ்சி காலர், தொப்பி. விமானம் பார்சலில் நொறுங்கி வந்திருந்தது. சரியாக பேக் பண்ணத் தெரியாதா என்று தம்பிக்கு ஒரு சூடான கடிதம் எழுதினார். உடைத்தது பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் என்று பிறகுதான் தெரிந்தது. விமானத்தின் பக்கத்திலேயே கொட்டகையில் படுத்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் ரிப்பேர் பார்த்தார். புளுகன் என்று சிரித்த கூட்டம் பெஞ்சில் காத்திருந்தது. அன்று சாயங்காலம் வில்பர் ஏறினார், இரண்டு சுற்று வட்டமாக அழகாகச் சாய்ந்து திரும்பினார், இறங்கினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பிரான்ஸின் பெரிய விமானிகள் எல்லாம் விமானத்தைச் சரியாகச் சாய்த்துத் திருப்பத் தெரியாமல் வட்டம் போடத் தடவிக்கொண்டிருந்த காலம். வாய்விட்டு அலறினார்கள். சீக்கிரமே பாரிஸில் வில்பர் தொப்பி ஃபேஷனாகிவிட்டது. ஏறக்குறைய நாலே முக்கால் வருஷத்துக்கு முன்னால் நடந்ததை உலகம் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டது. விருந்தில் பேசச் சொன்னார்கள். பேசுகிற பறவை கிளி ஒன்றுதான், அது உயரமாகப் பறக்காது என்று சொல்லிவிட்டு வில்பர் உட்கார்ந்துவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் புத்தகத்தின் இரண்டாவது வரியையும் மன்னித்திருக்கலாம். ஆனால் பேடன்ட் என்று ஒன்று இருக்கிறதே! இறக்கையைச் சாய்த்துத் திரும்புகிற எந்த யந்திரமும் எங்கள் பேடன்டுக்குள் வரும் என்று சகோதரர்கள் கேஸ் மேல் கேஸ் போட்டார்கள். முக்கிய எதிரி கிளென் கர்ட்டிஸ், இவரும் பழைய சைக்கிள் கடைக்காரர்தான். பறப்பதற்குச் செலவிட்ட நேரத்தைவிடக் கோர்ட்டு வாசலில் செலவிட்டது அதிகம். 1912-ல் டைஃபாய்டில் வில்பர் போனபோது, கேஸ் அலைச்சல்தான் அண்ணனைக் கொன்றது என்று குடும்பம் கர்ட்டிஸைச் சபித்தது. முதல் உலகப்போர் வந்தபோது விமானத்தைக் கண்டுபிடித்த தேசத்தின் பைலட்டுகள் பெரும்பாலும் பிரெஞ்சு விமானங்களில் ஏறித்தான் சண்டை போட்டார்கள்.

1914-ல் கோர்ட்டில் கர்ட்டிஸ் தோற்றார். என்ன வழி? ரைட்டுக்கு முன்னாலேயே பறக்கக்கூடிய விமானம் ஒன்று இருந்தது என்று காட்டிவிட்டால் பேடன்டின் பலம் குறையும். எங்கே கிடைக்கும் அப்படி ஒரு விமானம்? ஸ்மித்சோனியன் குடோனில்! லாங்லி 1906-லேயே மனம் உடைந்து இறந்துவிட்டார். அவருக்குப் பின்வந்த செயலாளர் சார்ல்ஸ் வால்காட்டுக்குக் குருபக்தி ஜாஸ்தி. 2,000 டாலர் கொடுத்து, ஓட்டிப் பாருங்கள் என்று அந்த உடைசலைக் கர்ட்டிஸ் கையிலேயே ஒப்படைத்தார். வழக்கின் எதிர்க்கட்சிக்காரரிடமே தடயத்தைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வது என்றால், சும்மா சொல்லக்கூடாது, அசாத்தியத் துணிச்சல்.

கர்ட்டிஸ் இறக்கையின் வளைவை மாற்றினார். முட்டுக்கம்பிகளை மாற்றினார். கட்டுப்பாட்டை மாற்றினார். அடியில் மிதவை கட்டினார். ஏரியில் ஓட்டினார். 150 அடி ஒரு துள்ளல். பிறகு புதிய எஞ்சினும் போட்டு இன்னும் கொஞ்சம் துள்ளவிட்டார். ஆகா, பறந்துவிட்டது என்று ஸ்மித்சோனியன் அறிக்கை விட்டது. பிறகு மாற்றியதையெல்லாம் கழற்றிவிட்டு, 1903-ல் இருந்த மாதிரியே ஆக்கி, மியூசியத்தில் மாட்டி, மனிதனைச் சுமந்து பறக்கும் திறன் பெற்ற உலகின் முதல் விமானம் என்று எழுதிவைத்தது. பரீட்சையில் புத்தகத்தைப் பார்த்து எழுதியவன்கூட, எழுதி முடித்ததும் புத்தகத்தை இவ்வளவு நேர்த்தியாக ஒளித்துவைக்கமாட்டான்.

ஆர்விலுக்கு வந்ததே கோபம்! நிஜமான முதல் விமானம் டேட்டனில் பெட்டிக்குள் கிடந்தது; 1913 வெள்ளத்தில் சேற்றில் ஊறி எழுந்திருந்தது. 1928-ல் அதைக் கப்பல் ஏற்றி லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்காவின் பெருமையைப் பார்க்க அமெரிக்கர்கள் இங்கிலாந்துக்கு டிக்கெட் எடுத்தார்கள். ஆர்விலின் பிடிவாதம் சாதாரணமானதல்ல. வாழ்நாள் முழுக்கச் சகோதரர்களின் வீட்டை நடத்திய தங்கை கேத்தரின் 52 வயதில் கல்யாணம் செய்துகொண்டதற்காக அவளிடம் பேசுவதையே நிறுத்திய மனிதர் அவர். மரணப் படுக்கையில்தான் போய்ப் பார்த்தார். தங்கைக்கே அந்தக் கதி என்றால் ஸ்மித்சோனியன் எம்மாத்திரம்?

லாங்லிக்கும் மரியாதை கிடைக்காமல் போகவில்லை. அமெரிக்கக் கடற்படை 1920-ல் தன் முதல் விமானம்தாங்கிக் கப்பலுக்கு யாருடைய பெயரை வைத்தது தெரியுமா? படகு வீட்டின் கூரையிலிருந்து விமானம் கிளப்பப் பார்த்து இரண்டு தடவையும் தண்ணீரில் போட்டவரின் பெயரைத்தான். யுஎஸ்எஸ் லாங்லி! இதில் குசும்பு எதுவும் இல்லை, மெய்யான மரியாதைதான் என்று கடற்படை நினைத்திருக்கிறது.

1942-ல் ஸ்மித்சோனியன் இறங்கி வந்தது. கர்ட்டிஸ் செய்த மாற்றங்களையெல்லாம் பட்டியல் போட்டு அச்சடித்து, வருத்தமும் தெரிவித்தது. யுத்தம் முடிந்ததும் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று ஆர்வில் இணங்கினார். 1944-ல் அவரைக் கான்ஸ்டெலேஷன் என்ற ராட்சத விமானத்தில் ஏற்றிச் சுற்றிக்காட்டினார்கள். அதன் இறக்கையின் நீளம் 123 அடி. அவர் முதன்முதலில் பறந்த தூரமோ 120 அடி. 1948 ஜனவரியில் ஆர்வில் காலமானார். அந்த வருஷம் டிசம்பர் 17-ல், பறந்து 45 வருஷம் முடிந்த அதே நாளில், விமானம் ஸ்மித்சோனியனில் மாட்டப்பட்டது. விலை ஒரு டாலர்.

ஒரு டாலரோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. ரைட் விமானத்துக்கு முன்னால் வேறு எந்த விமானமாவது மனிதனைச் சுமந்து, கட்டுப்பாட்டோடு, சொந்த பலத்தில் பறக்கக்கூடியதாக இருந்தது என்று ஸ்மித்சோனியன் எப்போதாவது எழுதிவைத்தால், விமானத்தை ரைட் வாரிசுகள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தம் இன்னும் அமலில் இருக்கிறது.